வலிக்காக ஜெபித்தவர்கள்

மாமனாருக்கு வானத்தோடு பெரிய பழக்கம் கிடையாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் நடுவே கிணறுபோல் இறங்கும் இருட்டுக் குழிகளுக்குள், கையில் கிரீஸும் வாயில் டார்ச்சுமாக வாழ்நாளைக் கழித்தவர். ஓய்வு பெற்ற கையோடு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படியே ஏறக்குறைய ஒரு வருஷம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், மறுபடியும் போய்ச் சுவரைப் பார்ப்பார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லையென்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"இவருக்கு வேலைதான் உடம்பு. அதைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு," என்றாள் மாமியார்.

அவரை எழுப்பி உட்கார வைத்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். மகன் யாரிடமோ வாங்கி வந்தது. அதில் வானத்தைக் காட்டும் புரோகிராம் ஒன்று இருந்தது. தேதியைக் கொடுத்தால் போதும், அன்றைக்கு எந்தக் கிரகம் எங்கே நிற்கிறது என்று காட்டிவிடும். முதலில் பொழுதுபோக்காகத்தான் பார்த்தார். பிறகு வேதாகமத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதன் கடைசிப் பகுதியில் வரும் நட்சத்திரங்களையும் மிருகங்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் தேட ஆரம்பித்தார்.

"மேல எடைக்கட்டை இறங்கினாத்தான் கீழ பெட்டி ஏறும். லிஃப்ட்டுக்கு அதான் விதி, உலகத்துக்கும் அதான் விதி," என்பார். "மேல ஒண்ணு அசைஞ்சா கீழ ஒண்ணு அசைஞ்சே தீரும்."

"இது ஜோசியம் மாதிரியில்ல இருக்கு?" என்று மாமியார் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஜோசியம் வேற, அடையாளம் வேற. நீ போய் டீயைப் போடு."

ஒரு சந்திர கிரகணத்துக்கு முன்பு, வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்த நாலைந்து பேரிடம், "நிலா ரத்தமாகும். பின்னாடியே காத்து வரும்," என்று சொல்லி வைத்தார். நிலா சிவந்தது. அந்த வாரமே புயல் வந்து தெருவில் பாதிக் கூரைத் தகடுகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. அது புயல் வருகிற மாதம்தான், வருஷா வருஷம் வருவதுதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நாலைந்து பேர் முப்பது பேரானார்கள். சபையின் போதகர் அவரைத் தனியே கூப்பிட்டு, "நாள் குறிக்கிறது நம்ம வேலை இல்லீங்க," என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அந்த மனுஷன்கிட்ட கம்ப்யூட்டர் இல்லை, அவருக்கு என்ன தெரியும் என்று மாமனார் திரும்பி வந்துவிட்டார். அதோடு சபைக்குப் போவது நின்றது. ஹாலே சபையாயிற்று.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. இருட்டு அறையில் உட்கார்ந்து, ஊரார் வயிற்றுக்குள் இருப்பதைத் திரையில் பார்த்துச் சொல்வாள். கணவன் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் அவன் உட்காரும் பக்கம் பிரேக் மட்டும்தான் உண்டு, ஸ்டீயரிங் கிடையாது. "வீட்டுலயும் உங்களுக்கு அதே சீட்டுதான்," என்று கேலி செய்வாள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அவள் உண்டாகி நாலைந்து மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மத்தியானம், மாமனார் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தார். முகத்தை அல்ல, வயிற்றை.

"டாக்டர் உனக்கு எந்த மாசம்னு சொல்லியிருக்காங்க?"

சொன்னாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனார்.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு வந்தவர்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து விளக்கினார். வானத்தில் கன்னி என்று ஒரு நட்சத்திரக் கூட்டம். அவள் தோளில் சூரியன் ஏறப்போகிறான். காலடியில் நிலா வந்து நிற்கும். தலைக்கு மேலே சிங்கத்தின் ஒன்பது நட்சத்திரங்கள், கூடவே மூன்று கிரகங்கள், ஆக பன்னிரண்டு, அது கிரீடம். ராஜ கிரகமான வியாழன் அவள் வயிற்றுக்குள் நுழைந்து, ஒரு பிள்ளை கருவில் கிடக்கிற காலமெல்லாம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, அன்றைக்கு வெளியே வரும். சூரியனை உடுத்தியவள், பிரசவ வலிப்படுகிறவள், உலகத்தை இரும்புக் கோலால் ஆளப்போகிற ஆண்பிள்ளையைப் பெறுகிறவள் என்று வேதம் சொல்வது இதைத்தான்.

"இதை வெறும் கண்ணால பாக்க முடியாது," என்றார். "சூரியன் கூடவே இருக்கிறதால எல்லாம் பகல்லயே நடந்து முடிஞ்சிரும்."

"பாக்காம நம்புறதுதானே விசுவாசம்," என்றார் மைக். அவர் குரல் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

"மேல ஒண்ணு அசைஞ்சா கீழ ஒண்ணு அசையும்," என்று சொல்லிவிட்டு மாமனார் மருமகளைப் பார்த்தார். முப்பது தலைகளும் திரும்பின. அவள் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்திலிருந்த பல் டாக்டரம்மா எழுந்து வந்து அந்தத் தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க யாரும் விடவில்லை.

அடுத்த வாரம் ஸ்கேன். அந்த ஊரில் ஆணா பெண்ணா என்று சொல்லத் தடையில்லை. கேட்டால் சொல்வார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட வேலை பார்ப்பவள் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்த, அவள் படுத்தபடியே திரையைப் பார்த்தாள். பெண். இரண்டு முறை பார்த்தாள். பெண்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கணவனிடம் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. அடுத்த திருப்பத்துக்குள் வாடியும் போனது.

"இப்ப அப்பாகிட்ட சொல்ல வேணாம்."

"அப்புறம் எப்பச் சொல்றது?"

"அவரு ஒரு வருஷம் சுவத்தைப் பாத்துட்டுக் கிடந்ததை நீ பாத்தேல்ல? இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்காரு. கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள் போனது. போகப் போகச் சொல்வது கஷ்டமாயிற்று. உண்மையைச் சொன்னால், முதல் சில வாரங்கள் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பையைத் தூக்க ஒருவர், செருப்பை எடுத்து வைக்க ஒருவர். ஆனால் பிறகு பெண்கள் வந்து வயிற்றில் கை வைத்து வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தியான தையல்கார அக்காவின் சின்ன மகளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். அக்கா வாரம் தவறாமல் அவளைக் கூட்டி வந்து, தலையை மருமகளின் வயிற்றோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய நிற்பாள். மருமகளுக்கு அந்த நேரத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாது. வாயைத் திறந்தால் உண்மை வெளியே வந்துவிடும்போல் இருக்கும். திறக்காமல் இருப்பதோ திருட்டுப்போல் இருக்கும்.

கடைசியாக எடுத்த ஸ்கேனில் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல், தலை மேலேயே நின்றது. பிரசவத்துக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது, திரும்பாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் வந்து சொன்னாள்.

"தலை மேலயா இருக்கு?" மாமனாரின் கண் கலங்கியது. "வானத்தைப் பாக்குறான்."

அதே வாரம் கடலில் ஒரு புயல் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்தது. அது கரையைத் தொடும் நாளும் மாமனார் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்த நாளும் ஒன்றாக விழுந்தன. ஹாலில் அன்று பெரிய கொண்டாட்டம். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. வேதத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு எதிரி உண்டு. வலுசர்ப்பம் தன் வாயிலிருந்து ஆறுபோல் தண்ணீரைக் கக்கி அவளை அடித்துக்கொண்டு போகப் பார்க்கும். அவளுக்கென்று ஆயத்தம் பண்ணப்பட்ட இடத்தில் அவள் ஒளிந்திருக்க வேண்டும்.

அந்த இடம் மாடியின் பின்னறை என்று முடிவாயிற்று. அவரே சுத்தம் பண்ணினார். ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்தார், காற்றுக்கு நல்லது என்றார். அவள் இனிமேல் வேலைக்கு வரமாட்டாள் என்று ஸ்கேன் சென்டரில் மகனை விட்டுச் சொல்லவைத்தார். போனை அவள் கையிலிருந்து மெதுவாக, ஒரு குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார். "ஊர்ப்பட்ட செய்தி வரும், மனசு கலங்கும்மா. நான் பத்திரமா வெச்சிருக்கேன்." வாசல் கிரில் கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி அவர் இடுப்பில்.

அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் அவளை மூச்சுத் திணற வைத்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். இவர் அவள் காலுக்குத் தலையணை வைக்கிறார்.

"பலகை அடிச்ச ரூம்ல என்னால இருக்க முடியாதுங்க," என்றாள் கணவனிடம்.

"புயல் போற வரைக்கும்தானே. ரூமுக்கு வெளியில இருந்தாலும் வீட்டுக்குள்ளதானே இருந்தாகணும்?"

"கதவை நான் மூடுறதும் இன்னொருத்தர் மூடுறதும் ஒண்ணா?"

அவன் பலகையின் ஆணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாப்பாடு கொண்டு வந்த மாமியார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒரு விஷயம்..."

"எங்கிட்ட எதையும் சொல்லாதேம்மா." மாமியார் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "சொன்னா நான் மறைக்கணும். எனக்கு மறைக்க வராது. அந்த மனுஷன் திரும்பப் படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு."

எடுத்த வார்த்தையை மருமகள் சோற்றோடு விழுங்கினாள்.

அந்த நாள் வந்தது. காற்று பலக்குமுன்பே முப்பது பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாமனார் கேட்டைப் பூட்டிச் சாவியைச் செருகிக்கொண்டார். தையல்கார அக்கா ஒரு கவுன் தைத்துக் கொண்டு வந்திருந்தாள். தரை வரைக்கும் தொங்கும் மஞ்சள் கவுன், கண் கூசும் மஞ்சள். யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. மருமகள் அதைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது சிலர் முழங்காலில் விழுந்தார்கள். ஹாலின் நடுவில் கைவைத்த மர நாற்காலி ஒன்று போட்டிருந்தது. உட்கார்ந்தாள். சுற்றிலும் முப்பது முகம். கதவு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

பாடினார்கள், ஜெபித்தார்கள். வெளியே காற்று ஊளையிடத் தொடங்கியது. மழை ஜன்னல் கண்ணாடியில் கல் எறிவதுபோல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. அதோடு கம்ப்யூட்டரும் போனது. திரையில் அதுவரை நின்றிருந்த கன்னியும் சூரியனும் அணைந்தார்கள். மாமனார் சற்றுத் தடுமாறினார். பிறகு, "இனிமே திரை எதுக்கு?" என்று மருமகளைக் காட்டினார்.

தெருவில் தண்ணீர் ஏறியது. வாசல் படியைத் தொட்டது.

"ஆறு வந்துருச்சு," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"வலி எடுக்குதாம்மா?" என்று பல் டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க."

மறுபடி பாடினார்கள். மறுபடி கேட்டார்கள். இல்லை என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது மாமனாரின் முகத்தில் முதல்முறையாக ஒரு பயம் தெரிந்தது. மைக் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"கர்த்தாவே, வலியைக் கொடும்," என்றார். "உம்முடைய பிள்ளைக்கு வலியைக் கொடும்."

"வலியைக் கொடும்," என்றது ஹால் முழுதும்.

முப்பது பேர் அவளைச் சூழ்ந்து நின்று, அவளுக்கு வலி வர வேண்டுமென்று கண்ணீர் விட்டுக் கெஞ்சினார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. கணவனும் கைகட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். உதடு அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை, அவ்வளவுதான் ஆறுதல்.

அப்போதுதான் வயிறு இறுகியது.

முதலில் லேசாக. பிறகு இடுப்பிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து, கல்லாகி, விட்டது. அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பொய்வலியாக இருக்கலாம். நிஜமாகவும் இருக்கலாம். நிஜமென்றால், தலை மேலே இருக்கிற பிள்ளை, பூட்டிய கேட், படியேறும் தண்ணீர், சுற்றிலும் பாட்டு. இப்படி வந்து சேர்ந்தவர்களை அவள் ஸ்கேன் அறையில் பார்த்திருக்கிறாள். சில வேளை இதயத் துடிப்பைத் தேடுவாள், கிடைக்காது. திரையை அம்மாவின் கண்ணில் படாமல் மெல்லத் திருப்பி வைப்பாள்.

"மாமா."

பாட்டு நின்றது.

"வலி வேணாம்னு ஜெபிங்க."

"என்னம்மா சொல்றே?"

"புள்ள திரும்பலை. கால்தான் முதல்ல வரும். இங்க பொறந்தா நாங்க ரெண்டு பேருமே போயிருவோம். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"கர்த்தர் பாத்துக்குவார்மா. அந்த ஆண்பிள்ளைக்கு ஒண்ணும்..."

"ஆண்பிள்ளை இல்ல மாமா. பொண்ணு."

முப்பது தலைகளும் மாமனார் பக்கம் திரும்பின.

"மெஷின்ல தப்பு வரும்," என்றார் மாமனார்.

"மெஷினைப் பாத்தது நான்தான் மாமா."

அவர் அவளை விட்டுவிட்டு மகனைத் தேடினார். மகன் எல்லாருக்கும் பின்னால், சுவரோரம் இருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. அஞ்சாம் மாசத்துலேர்ந்து தெரியும்."

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பின்னறைக் கதவு சாத்தும் சத்தமும் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன. அவளுக்கென்று ஆயத்தம் பண்ணிய அறைக்குள் அவரே போய்ப் பூட்டிக்கொண்டார்.

இப்படி ஒன்று நடந்து முடிந்தால், வந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவதுதான் முறை. ஆனால் போக முடியாது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கேட்டில் பூட்டு, சாவி மாடியில். முப்பது பேரும் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கேயே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கல்யாணம் நின்றுபோன வீட்டில் மாட்டிக்கொண்ட விருந்தாளிகளைப்போல் இருந்தார்கள். வயிற்றில் கை வைத்து அழுத பெண்கள் அந்த வயிற்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

"இத்தனை மாசமா எங்களை ஏமாத்திட்டே," என்றார் மைக்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே, அண்ணே."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் வயிறு மறுபடி இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் ரொட்டிப் பொட்டலங்கள். "எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. கரண்டு இல்ல, கேஸ் இருக்கு, டீ வருது." பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தாள். ரொட்டியைப் பக்கத்திலிருந்தவர் மடியில் போட்டுவிட்டு அருகில் வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "டாக்டரம்மா, இங்க வாங்க."

"நான் பல்லு புடுங்குறவ," என்றார் பல் டாக்டரம்மா. "இதுல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா." ஆனாலும் வந்து நாடியைப் பிடித்துக்கொண்டார்.

தையல்கார அக்காவும் எழுந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல் கவுனின் பின்பக்கக் கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினாள். "தண்ணில இறங்கினா இது காலைச் சுத்தும். லூஸாத்தான் தச்சேன், இருந்தாலும் ஆபத்து." மாமியாரின் பழைய உடுப்பு ஒன்றைப் பெண்கள் மறைத்து நின்று மாட்டிவிட்டார்கள். அவளோடு வந்திருந்த சின்ன மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். அக்கா குனிந்து கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகம் ஒருமாதிரி ஆகியிருந்தது.

"உன் வயித்துல தலை வெக்கணுமாம். பாப்பா உதைக்குறது கேக்கணுமாம். வெக்கலாமா?"

மருமகள் தலையசைத்தாள். அத்தனை நேரம் வராத அழுகை அப்போது வந்தது.

கணவன் மாடியேறினான். கீழே எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, சாவி."

பதில் இல்லை.

"அப்பா, சாவியைக் கொடுங்க. இல்லேன்னா கேட்டை உடைப்பேன். உங்ககிட்ட ஒரு தடவைகூட நான் இப்படிப் பேசினதில்ல. உடைப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கடியில் சாவி சறுக்கி வெளியே வந்தது.

அவளை உட்கார்ந்த நாற்காலியோடே தூக்கினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அதில் ஒருவர் மைக். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராக வந்து நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். கணவன் கையில் துணிக்கொடிக் கம்போடு முன்னால் நடந்து, சாக்கடை மூடி திறந்து கிடக்கிறதா என்று குத்திப் பார்த்து வழி சொன்னான். அவன் கற்றுக்கொடுக்கிற கார் வாசலிலேயே பாதி முழுகிக் கிடந்தது. மழை முகத்தில் அறைந்தது. தண்ணீர் இடுப்பளவு வந்த இடத்தில் நாற்காலியைத் தோளுக்கு ஏற்றினார்கள். அவள் யார் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் ஒரு மணல் லாரி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் கத்தினால் யாருக்கும் கேட்காது. மைக் கத்தினார். லாரி நின்றது.

ஏற்றிவிட்டு இறங்கும்போது அவர் மூச்சிரைத்தபடி சொன்னார், "கோபம் போகல. அது வேற." கதவைத் தட்டி லாரியை அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலியை நிறுத்தினார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. துடிப்பைக் கேட்கவைத்த நர்ஸிடம், அவள் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லித் தானே பார்த்துக்கொண்டாள். டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. வியாழன் கன்னியை விட்டு விலகி, வானத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இல்லாத ஒரு சாதாரண நாளில், ஆபரேஷனில் பெண்குழந்தை பிறந்தது.

மாமனார் பார்க்க வரவில்லை. மறுபடி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார் என்று மாமியார் வந்து சொன்னாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள். குற்றம் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது வழியிருக்கிறதா என்பதுபோல். வந்து காலில் விழு, மன்னிப்புக் கேள், அவர் எழுந்துகொள்வார் என்று யாராவது சொன்னால், தான் போய் விழுந்தாலும் விழுந்துவிடுவோம் என்று மருமகளுக்கே பயமாக இருந்தது. அந்த வீட்டின் அன்பு அப்படிப்பட்டது.

அவள் அங்கே திரும்பிப் போகவில்லை. ஸ்கேன் சென்டருக்குப் பக்கத்தில் ஐந்து மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை கிடைத்தது. "நீங்க வர்றதா இருந்தா வாங்க. வராட்டியும் நான் அங்கதான்," என்று கணவனிடம் சொன்னாள். அவன் இரண்டு வீட்டுக்கும் இடையில் கொஞ்ச நாள் அலைந்தான். ஒருநாள் தன் துணிகளோடு வந்து சேர்ந்தான். கூட்டம் கலைந்துவிட்டது என்று அவன் மூலமாகத்தான் தெரிந்தது. சிலர் பழைய சபைக்கே திரும்பிவிட்டார்கள். சிலர் மைக் வீட்டில் கூடுகிறார்கள், அடையாளம் நிஜம்தான், பெண்தான் வேறு என்கிறார்கள். தையல்கார அக்கா எங்கும் போவதில்லை. மகளோடு எப்போதாவது இங்கே வருவாள்.

குழந்தை குப்புற விழத் தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மாமனார். சவரம் செய்து, சட்டை இஸ்திரி போட்டு நின்றார். மெலிந்திருந்தார்.

"வாங்க மாமா."

"லிஃப்ட் கதவு உரசுது," என்றார் உள்ளே வந்தபடி. "ரோலர் தேஞ்சிருக்கு. சொல்லி வையுங்க, இல்லேன்னா ஒருநாள் நடுவுல நின்னுரும்."

கணவன் சந்தோஷத்தில் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மருமகள் குழந்தையைக் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் வாங்கத் தெரியாமல் வாங்கினார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்தது. அவர் சிரித்தார். சிரித்து எத்தனையோ நாளாகியிருக்கும். அவள் தண்ணீர் கொண்டு வரச் சமையலறைக்குப் போனாள். எல்லாம் சரியாகிவிடும்போல் இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ எத்தனை மணிக்குப் பொறந்தா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எந்தத் தாத்தாவும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் கண் அவள் மேல் இல்லை, ஜன்னல் பக்கம் போயிருந்தது.

"தெரியல மாமா. மயக்கத்துல இருந்தேன்."

"காலையிலயா, மத்தியானமா? அதாவது தெரியுமா?"

"தெரியல."

அவர் மகனைப் பார்த்தார். "நீ வெளியிலதானே நின்னுட்டு இருந்தே?"

கணவன் அவளைப் பார்த்தான். அவள் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழேதான் அவன் நின்றிருந்தான். அன்றைக்கு அவளிடம் நிமிஷம் உட்படச் சொல்லியிருந்தான்.

"கடிகாரம் பாக்கலப்பா," என்றான். "பதட்டத்துல எதையுமே பாக்கல."

மாமனார் தலையாட்டினார். தண்ணீரைக் குடித்தார். குழந்தையை இன்னும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். "அம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

கணவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மறுபடி கேப்பாரு," என்றான் கணவன்.

"கேப்பாரு."

"அம்மாவுக்கு நேரம் தெரியுமே. அம்மாகிட்ட நான் சொல்லிட்டேனே."

அவள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தபடி ஜன்னலருகே போனாள். கீழே மாமனார் கட்டடத்தை விட்டு வெளியே வந்து, தெருவைக் கடக்காமல், கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் போடுங்க," என்றாள். "அவரு வீடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அத்தைக்குப் போன் போடுங்க."